கரிக்காரப் பையனின் மேலங்கி

“அந்தப் பையன் என்ன வேலை பார்க்குறான்?” என்று கேட்டார் அப்பா.

2023 தீபாவளி முடிந்த மறுவாரம். பாப்பாவுக்கு ஒரு கார்ட்டூன் பையனின் உடையைத் தைக்க வேண்டும், பச்சையும் கறுப்பும் கட்டம் போட்ட மேலங்கி, எப்படித் தைப்பதென்று சொல்லுங்கள் என்று போனில் கேட்டிருந்தேன். கமுதிப் பக்கத்தில் 45 வருடம் தையல் கடை வைத்திருந்தவர். உயரம் கேட்பார், மார்பளவு கேட்பார் என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் வேலையைக் கேட்டார்.

“படத்துல வர்ற பையனுக்கு என்னப்பா வேலை?”

“படத்துல வந்தாலும் வயித்துக்கு ஏதாச்சும் செய்வான்ல. வேலை தெரிஞ்சாத்தானத்தா துணி எந்த எடத்துல கிழியும்னு தெரியும்.”

பாப்பாவைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது 12 வயது. “கரி விக்கிற குடும்பம் தாத்தா,” என்று ஸ்பீக்கர் அருகே வந்து சொன்னாள். “மலை மேல வீடு. அப்பா செத்துட்டார். அவன்தான் மூத்த பையன். கூடையில கரி எடுத்துக்கிட்டு பனியில எறங்கிப் போய் வித்துட்டு வருவான்.”

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கரிக்காரப் பையனா,” என்றார். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவனைப் பற்றிப் பேசும் நெருக்கம் அந்தக் குரலில் வந்துவிட்டிருந்தது.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல மரம்தான் விளைச்சல். வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள் நெருப்பை வைத்துவிட்டுக் காவல் இருப்பார்கள். கரிமூட்டம் நாள்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். பிரித்த கரியைச் சாக்கில் கட்டி லாரிக்குத் தோளில் தூக்குவார்கள். அந்த ஆட்களுக்குச் சட்டை தைத்தவர் அப்பா. அவருடைய கடையிலும் கரிதான் எரிந்தது. பித்தளை இஸ்திரிப் பெட்டியின் வாயைத் திறந்து விசிறியால் வீசும்போது பறக்கும் பொறியைப் பார்த்துத்தான் நான் பள்ளிக்கூடப் பாடம் படித்தேன்.

“மூட்டத்துக்காரங்க சட்டை முழங்கையில போகாது, காலர்ல போகாது. தோள்லதான் போகும். உன் பையனுக்கும் தோளைக் கவனிச்சுத் தை,” என்று சொல்லி போனை வைத்தார்.

அந்தப் பையன் பெயர் டான்ஜிரோ. கோயோஹாரு கொட்டோகே எழுதி வரைந்து 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் வந்த படக்கதை. 2019இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. நம் பிள்ளைகள் ‘டீமன் ஸ்லேயர்’ என்றுதான் சொல்கிறார்கள். 1912 முதல் 1926 வரையான தைஷோ காலத்தில் நடக்கும் கதை. கரி விற்கப் போய் ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டுத் திரும்புகிறான். வீட்டில் எல்லோரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். ஒரு தங்கை மட்டும் மிச்சம், அவளும் அரக்கியாகிவிட்டாள். வெயில் அவளுக்கு ஆகாது. அவளை ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அவளை மறுபடி மனுஷியாக்கும் வழி தேடி அலைகிறான். கதை முழுக்க அவன் தோளில் கிடப்பது அந்தக் கட்டம் போட்ட மேலங்கி. ஹவோரி என்று அதற்குப் பெயர்.

பாப்பா அந்தக் கதையைப் பார்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். சண்டைக் காட்சிகளுக்கு அவள் அழவில்லை. தங்கையைப் பெட்டியோடு இறக்கி வைத்துவிட்டு அவன் பேசும் இடங்களில்தான் அழுதாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த உடையை அவள் கேட்டபோது கடையில் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “நீ தைச்சுத் தாம்மா. தாத்தா மிஷின் சும்மாதானே இருக்கு,” என்றாள்.

சும்மாதான் இருந்தது. 2019இல் கடையை மூடியபோது அப்பா இரண்டு மிஷின்களைக் கொடுத்துவிட்டு ஒன்றைச் சென்னை ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பழைய வேட்டி போர்த்தி ஜன்னலோரம் நின்றது. தையல்காரர் மகள்தான் நான். காஜா, பட்டி, லைனிங், கிராஸ், பன்னா என்று எல்லாச் சொல்லும் தெரியும். ஆனால் மிஷினில் உட்கார்ந்ததில்லை. கடையில் காஜா எடுக்க வந்த பையன்கள் எத்தனையோ பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அப்பா, நான் பெடலில் கால் வைத்தால் மட்டும், “எந்திரி, போய்ப் படி,” என்பார். படித்தேன். கணக்குத் தணிக்கை வேலைக்கு வந்தேன். 44 வயதில், மகளுக்காக, அந்த மிஷினின் வேட்டியை எடுத்தேன்.

துணியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பாரிமுனையில் கோடவுன் தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கறுப்பு உடனே கிடைத்தது. பச்சைதான் கிடைக்கவில்லை. பச்சைக்குத் தமிழில் எத்தனை பெயர் இருக்கிறதென்று அன்றைக்கு ஒரே கடை மேசையில் பார்த்தேன். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து. டான்ஜிரோவின் பச்சை இவற்றில் எதுவும் இல்லை, இரண்டுக்கு நடுவில் எங்கோ நீலம் கொஞ்சம் கலந்து நின்றது. பாப்பா போனில் படத்தைப் பெரிதாக்கித் துணிமேல் வைத்துப் பார்த்தாள். பனியில் ஒரு பச்சை, ராத்திரியில் ஒரு பச்சை, விளக்கு வெளிச்சத்தில் வேறொன்று. எது அவனுடைய நிஜமான நிறம் என்று என்னிடம் கேட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டேன். “டியூப்லைட்டுக்குக் கீழ நின்னு கலர் பார்க்காதத்தா. துணியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போ. அவன் வெளியில நடக்குறவன். வெயில்ல எது சரியோ அதை எடு.”

கடைக்காரர் மறுக்காமல் மூன்று பச்சைத் துணிச்சுருளையும் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் ஒன்று மட்டும் ஒத்துப்போயிற்று. பாப்ளின் பருத்தி, பன்னா என்கிற அகலம் 36 இஞ்ச், நிறத்துக்கு 2 மீட்டர்.

வெட்டுமுன் நனைத்துக் காயப்போடச் சொல்லியிருந்தார் அப்பா. பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கட்டம் கோணும். கறுப்பைப் போட்ட வாளித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் மையாகிவிட்டது. உப்புப் போட்டு, தண்ணீர் மாற்றி, மறுபடி மாற்றி, ஏழாவது வாளியில்தான் தெளிந்தது. அதைப் பச்சையோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அந்த வாளிகளின் முன்னால் நின்றேன்.

அடுத்தது கணக்கு. கட்டம் தைத்த பிறகு 4 இஞ்ச் வர வேண்டும். நாலு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்கு விட்டால் 5 இஞ்ச் வெட்ட வேண்டும். முதுகு அகலம் 6 கட்டம், தோளிலிருந்து கீழே 8 கட்டம். முன்பக்கம் இரண்டு பாகம், பாகத்துக்கு 3 கட்டம் அகலம். கைகள் இரண்டுக்கும் சேர்த்து 48. கழுத்தைச் சுற்றி இறங்கும் பட்டைக்கு 18. ஆகமொத்தம் 162. எனக்குப் பழக்கமான வேலை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொரு சதுரமாக வெட்டினேன். ஒரு பச்சை, ஒரு கறுப்பு என்று சேர்த்து ஆறு கட்டம் வரிசையாகத் தைத்தேன். அளந்தால் 24 இஞ்ச் வர வேண்டிய வரிசை 23¼தான் இருந்தது. அடுத்த வரிசை 24¼. இரண்டையும் சேர்த்தபோது மூலைகள் எங்கேயும் மூலைகளோடு சேரவில்லை. நாலு கட்டம் கூடும் புள்ளி, படத்தில் கூர்மையாக நிற்கும் அந்தப் புள்ளி, என் துணியில் படிக்கட்டாகத் தள்ளிப் போயிருந்தது. பிரித்துத் தைத்தேன். மறுபடி பிரித்தேன். மூன்றாம் தடவை துணி ஊசித் துளைகளால் நைந்து இழை விட்டது. இரண்டு வாரம் இப்படிப் போனது. ஆபீசிலிருந்து வந்து ராத்திரி 11 மணி வரை தைப்பதும் மறுநாள் அதையே பிரிப்பதும். பாப்பா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய நூலைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் பொறுமையாக இருந்ததுதான் எனக்கு மிகவும் கனத்தது.

வீடியோ காலில் அப்பாவிடம் துணியைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஒவ்வொண்ணாவா வெட்டுன?”

“ஆமாப்பா.”

“கட்டத்தை வெட்டாதத்தா. பட்டையா வெட்டு.”

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். துணியில் ஓரிடத்தில் கீறி ஒரே ஒரு இழையைப் பிடித்து உருவ வேண்டும். இழை போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும். அதுதான் துணியின் சொந்த நேர்க்கோடு, சாக்பீஸ் கோட்டை நம்பக்கூடாது. அந்தத் தடத்தில் 5 இஞ்ச் அகலத்துக்கு நீளப் பட்டைகளாக வெட்ட வேண்டும். பச்சைப் பட்டையையும் கறுப்புப் பட்டையையும் மாற்றி மாற்றி வைத்து நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் கோடு போட்ட ஒரு துணி கிடைக்கும். இப்போது அதைக் குறுக்கே 5 இஞ்ச் 5 இஞ்சாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் கட்டங்கள் ஏற்கெனவே வரிசையாக நிற்கும். ஒரு துண்டை விட்டு ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பச்சைக்குக் கீழே கறுப்பு வந்துவிடும். நூற்றுக்கணக்கான சின்னத் தையல்கள் போய், நீளமான சில தையல்கள் மட்டும் மிஞ்சும். பிழை புகும் இடங்களும் அத்தனை குறையும்.

“இன்னொண்ணு. உள்பக்கத் தையல் மடிப்பை எப்பவும் கறுப்புப் பக்கமே சாய்ச்சு இஸ்திரி போடு.”

ஏன் என்று கேட்கவில்லை. தைத்தபோது தெரிந்தது. எல்லா மடிப்பும் கறுப்பை நோக்கிச் சாய்ந்திருந்தால், அடுத்தடுத்த வரிசைகளில் அவை எதிரெதிர்த் திசையில் நிற்கும். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும். இரண்டு துண்டை மேலே மேலே வைத்து விரலால் தடவினால் ‘டக்’கென்று பூட்டு விழுவது விரல் நுனிக்குத் தெரியும். அந்த இடத்தில் ஊசி குத்தி நிறுத்தித் தைத்தால் மூலையும் மூலையும் தப்பாது. முதல் புள்ளி சரியாகச் சேர்ந்த ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை எழுப்பிக் காட்டினேன். அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்தக் கட்டத்துக்கு ஜப்பானில் ‘இச்சிமாட்சு’ என்று பெயர். அது ஒரு நடிகரின் பெயர். சானோகாவா இச்சிமாட்சு என்ற கபுக்கி நடிகர் 1741இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு நாடகத்துக்கு இந்தக் கட்டம் போட்ட கீழாடை உடுத்தி மேடையேறினார். பார்த்த ஊர் முழுக்க அதைக் கேட்க ஆரம்பித்தது. அதுவரை கல் பாவிய தரை என்ற பொருளில் அழைக்கப்பட்ட பழைய கட்டத்துக்கு அந்த நடிகரின் பெயரே நிலைத்துவிட்டது. 2020 டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்திலும் கருநீலத்தில் இருந்தது இதே கட்டம்தான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “வேஷத்துணியில இருந்து வந்ததா,” என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு அந்தச் சந்தோஷம் வரக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கியின் வடிவம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. தொடரை நிறுத்தி நிறுத்தி, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று பாப்பா படம் பிடித்து வைத்திருந்தாள். எந்தப் படத்திலும் தையல் இல்லை. கை எங்கே உடலோடு சேருகிறது, அக்குளில் எவ்வளவு திறப்பு, கழுத்துப் பட்டை உள்ளே எப்படி முடிகிறது என்பது எதிலும் தெரியவில்லை. வரைகிறவருக்கு அது தேவையும் இல்லை. அவர் கோடு கழுத்தைச் சுற்றி வந்து நின்றுவிடும். தைக்கிறவளுக்கு அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. பாப்பா எப்படிக் கையைத் தூக்குவாள், எப்படிப் போட்டுக் கழற்றுவாள், வியர்த்தால் எங்கே ஒட்டும். இதற்கெல்லாம் படத்தில் பதில் கிடையாது, அவள் உடம்பில்தான் உண்டு.

அதனால் கிமோனோக்களை எப்படித் தைக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சுமார் 36 சென்டிமீட்டர் அகலத்தில், ஏறக்குறைய 12 மீட்டர் நீளத்துக்கு நெய்த ஒரே துணிச்சுருள். அதிலிருந்து எல்லாப் பாகத்தையும் நேர்க்கோட்டில் வெட்டிவிடுகிறார்கள். கை வளைவு கிடையாது. பட்டையின் அடியில் மிஞ்சும் துணியைக்கூட வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைக்கிறார்கள். நல்ல கிமோனோவை அந்தக் காலத்தில் துவைக்க வேண்டுமென்றால் தையலை முழுக்கப் பிரித்து, துண்டுகளைத் தனித்தனியே அலசி விரித்துக் காயவைத்து, மறுபடி தைப்பார்களாம். ஜாக்கெட்டுக்கு வளைத்து வளைத்து வெட்டிக் கூடை கூடையாகப் பிட்டுத் துணி சேர்த்த அப்பா இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். “சேலை மாதிரி நெனச்சிருக்காங்க. துணியோட அருமை தெரிஞ்ச ஜனம்,” என்றார்.

இன்னொன்றும் படித்திருந்தேன். குழந்தைகளின் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் மடிப்பு வைத்துத் தைத்துவிட்டு, குழந்தை வளர வளரப் பிரித்து விடுவார்களாம். அதைக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். நம் ஊர்ப் பாவாடைகளில் டக் வைப்பது இதே காரியம்தானே. எனக்கு ஐந்தாம் வகுப்பில் தைத்த ஊதாப் பாவாடை எட்டாம் வகுப்பு வரை வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு டக் பிரிப்பார். பிரித்த இடத்தில் மட்டும் நிறம் புதிதாக ஒரு கோடு போட்டதுபோல் நிற்கும்.

“இதுல டக் வைக்க முடியாது. நடுவுல மடிச்சா கட்டம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெட்டுப்போகும்,” என்று யோசித்தார். “கீழ ஒரு வரிசை கூடுதலா வச்சு, அப்படியே உள்ளுக்கு மடிச்சுக் கைத்தையல் போடு. பிள்ளை வளருற பிள்ளை.”

முதுகுக்கு 6, முன்பக்கத்துக்கு 6. மொத்தம் 174 கட்டங்கள் ஆயின.

பொங்கலுக்குப் பிறகு அப்பா சென்னைக்கு வந்தார். கண்புரை அறுவை முடிந்திருந்தது, ஒரு கண்ணுக்குப் பார்வை தெளிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, காபி குடிக்குமுன் அங்கியைக் கேட்டார். வாங்கியதும் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தையலின் மேலும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது எதிரில் நின்றது போலிருந்தது. கடைசியில், “சரியா சாய்ச்சிருக்க,” என்றார். தையல் மடிப்புகளைச் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதும்போதும் அந்த இரண்டு சொல்லை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அன்று ராத்திரி பாப்பா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கதையில் அவன் தங்கையைச் சுமக்கும் பெட்டி. அவள் அதை அட்டையால் செய்து மரநிறம் பூசி, பழைய பள்ளிப் பையின் வார்களை மாட்டியிருந்தாள். உள்ளே தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் வைத்துக்கொள்வதாகத் திட்டம். அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் முதுகில் மாட்டி, வார் விழும் இடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். கறுப்புத் துணியில் மிச்சம் இருந்ததை இரண்டாக மடித்து, நடுவே காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒரு துண்டு கொடுத்து, தோளின் உள்பக்கத்தில் ஒட்டு வைத்தார். மிஷினில் தைக்கவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து கைத்தையல். வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி தொட்டு எடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஒட்டு இருப்பதே தெரியாது.

தைத்துக்கொண்டே நாடகத் துணிகளைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் நடக்கும். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’தான். ராஜபார்ட்டுக்கு வெல்வெட் கோட்டும், நாரதருக்குப் பட்டுத் துணியும், ஸ்திரீபார்ட்டுக்கு ஜரிகை வைத்த ஜாக்கெட்டும் அப்பா தைத்திருக்கிறார். எனக்கு ஏழெட்டு வயதில், கடையின் கொடியில் தொங்கிய சமிக்கி வைத்த கோட்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுத் திட்டு வாங்கியது நினைவிருக்கிறது.

“வெளிப்பக்கம் ஜனங்களுக்கு. உள்பக்கம் போடுறவனுக்கு. வெல்வெட்டுக்கு அடியில மல்லுத்துணி லைனிங் கொடுக்கலேன்னா விடிய விடியப் பாடுறவன் உடம்பு புண்ணாயிரும். அது கீழ உக்காந்திருக்குறவனுக்குத் தெரியாது. பாடுறவனுக்குத் தெரியும். அவன் நல்லாப் பாடுவான்.”

நாடக நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று எல்லோர் பெயரும் இருக்கும். தைத்தவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னபோது அவர் பதில் பேசாமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

நான் அவருக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். 1939இல் நியூயார்க்கில் அறிவியல் கதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. வருங்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு இரண்டே பேர் அதற்கு வந்தார்கள். ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும். இன்று காஸ்ப்ளே என்று உலகம் முழுக்க நடக்கும் காரியத்துக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல் ஜப்பானில் பிறந்தது 1980களில்தான். ஆக்கர்மன் பின்னால் மிகவும் பிரபலமானார், அவர் பெயரே எங்கும் அடிபட்டது. ஆனால் அன்றைக்கு இருவர் உடையையும் வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ்.

“ரெண்டும் அந்தப் பொண்ணு தச்சதா?” என்று கேட்டார் அப்பா. “என்ன பேருன்ன?”

மறுபடி சொன்னேன். அவர் ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், படக்கதை ரசிகர்கள் வேடம் போட்டுக் கூடும் காமிக் கான் விழா நடந்தது. சென்னைக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. பாப்பா நெற்றியில் தழும்பு வரைந்து, காதில் அட்டைக் காதணி தொங்கவிட்டு, பெட்டியை மாட்டிக்கொண்டாள். உள்ளே போனதும் டான்ஜிரோக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அச்சடித்த துணியில் வாங்கியது சிலருடையது. வெளியே நின்று பார்த்தால் எல்லோருக்கும் ஒரே கட்டம், ஒரே பச்சை. பாப்பா வருந்துவாளோ என்று நினைத்தேன். அவள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போனாள். ஒரே ஊர்க்காரர்கள் வெளியூர்ச் சந்தையில் கண்டுகொள்வதைப் போல அவர்களும் கையசைத்தார்கள்.

ஃபோம் அட்டையில் கவசம் செய்து மாட்டியிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் அவள் கைப்பகுதியைப் பார்த்துவிட்டு, “தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டான். நாலு கட்டம் சேரும் புள்ளியை விரலால் தடவினான். “பிரிண்ட் இல்லையா? சேர்த்துத் தச்சதா?” பாப்பா அங்கியின் முன்பக்கத்தைத் திறந்து உள்தையலைக் காட்டினாள். மடிப்பு ஏன் கறுப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவனுக்கு விளக்கினாள். அவள் அதைக் கவனித்து வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனும் தன் தோள் கவசத்தைக் கழற்றி, அடியில் பசை போட்ட விதத்தைக் காட்டினான். இரண்டு பேரும் கூட்டத்தின் நடுவில் நின்று உள்பக்கங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு பெண்ணின் பாவாடைப் பட்டி கிழிந்து, சுவரோரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பையில் ஊசி நூல் வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அவள் பெயரோ, யாருடைய வேடமோ நான் கேட்கவில்லை. தையல் முடிந்ததும் உள்பக்கம் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு எழுந்தேன். அப்பா செய்வது போலவே செய்தேன் என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாப்பா பெட்டியைக் கழற்றினாள். அப்பா அங்கியை வாங்கித் திருப்பினார். தோள் ஒட்டில் வியர்வை காய்ந்து, உப்பு வெள்ளையாக ஒரு வரி படிந்திருந்தது. துணி கசங்கியிருந்தது. கிழியவில்லை. “சுமந்திருக்கா,” என்றார் என்னைப் பார்த்து.

ஒரு வருடத்தில் பாப்பா மூன்று இஞ்ச் வளர்ந்துவிட்டாள். அந்த ஒரு வருடமும் அங்கி பீரோவில் இருந்ததில்லை. மாடியில் படிக்கும்போது, மழை நாளில், காய்ச்சல் வந்தபோது என்று அவள் தோளிலேயே கிடந்தது. துவைத்துத் துவைத்துப் பச்சை வெளுத்தது, கறுப்பு சாம்பலானது. 2025 ஜனவரியில் அப்பா வந்தபோது, “தாத்தா, பிரிக்கலாமா?” என்று அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் பாதி பிளேடை அவள் கையில் கொடுத்தார். மூன்று தையலுக்கு ஒரு தையல் அறுத்தால் போதும், மிச்சம் இழுத்தால் வந்துவிடும் என்று காட்டிக் கொடுத்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுத்தாள். நான் அவளை எந்திரிக்கச் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மடிப்பு விரிந்து இறங்கியது. பன்னிரண்டு கட்டங்கள் கீழே வரிசையாக வந்து நின்றன. மேலே எல்லாம் வெளுத்திருக்க, அந்த ஒரு வரிசை மட்டும் கோடவுன் தெரு வாசலில் வெயிலில் பார்த்த பச்சையாகவே இருந்தது.

“அடுத்த வருசத்துக்குத் துணி மிச்சம் இருக்கா?” என்று கேட்டார் அப்பா.